குட்டி ஹெலிகாப்டர் இறக்கைக்கு டேப் கவசம்

வீட்டுக்குள் பறக்கவிடும் ரிமோட் ஹெலிகாப்டரில் முதலில் அடிவாங்குவது இறக்கையின் முன்விளிம்புதான், அதாவது சுழலும்போது முன்னால் போகும் நீள ஓரம். சுவரில் உரசினால் சின்ன வெட்டு விழும். அடுத்த மோதலில் அங்கேயே பிளந்துவிடும். புதிதாக இருக்கும்போதே ஸ்பிரிட்டால் பிசுக்கைத் துடைத்து, 1 செ.மீ. அகல மெல்லிய செலோடேப்பை முன்விளிம்பு நெடுக, மேலே பாதி கீழே பாதியாக மடித்து ஒட்டுங்கள். குமிழி இருந்தால் நகத்தால் நீவிவிடுங்கள். எதிர் இறக்கைக்கும் அதே நீளம், அதே இடம். பிசகினால் எடை சமன் கெட்டு ஹெலிகாப்டரே நடுங்கும். அப்படி நடுங்கினால், லேசான இறக்கையின் நுனியில் துளி டேப் சேர்த்துப் பாருங்கள். சூப்பர் க்ளூ பூசுவது வீண்வேலை: காய்ந்தபின் வளையாது, விரிசல் விடும்.

இறக்கை ஸ்க்ரூவை முறுக்கி இறுக்காதீர்கள். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை தானாக மடங்கித் தொங்க வேண்டும். அவ்வளவு தளர்வு இருந்தால்தான் மோதும்போது ஸ்க்ரூ துளை கிழியாது.