வெறுங்கை ஃபைட்டரைப் பிடியில் இருந்து கட்டுங்கள்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக விளையாடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆயுதம் எடுக்காத ஒரு ஃபைட்டரை (போர்வீரன் வகைக் கதாபாத்திரம்) உருவாக்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "குத்துக்கு எவ்வளவு டேமேஜ் வரும்?" என்பதுதான். அங்கே தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கணக்கைப் பாருங்கள். லெவல் 5, ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 18 உள்ளவன் வெறுங்கையால் குத்தினால் டி8 (எட்டு முகப் பகடை) கூட்டல் 4 (அந்த ஸ்ட்ரெங்த் தருவது), சராசரி 8.5. இரண்டு குத்துக்கு 17. அதே ஆள் கிரேட்ஸ்வோர்ட் என்ற பெரிய வாளை எடுத்தால் 2டி6 (இரண்டு ஆறு முகப் பகடை) கூட்டல் 4, இரண்டு வெட்டுக்கு 22. ஒவ்வொரு ரவுண்டும் 5 புள்ளி பின்தங்குகிறீர்கள், அதற்கு மேல் மந்திர வாள் ஏதாவது கிடைத்தால் அதுவும் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் போகும். அப்படியென்றால் வெறுங்கைக்காரனுக்கு என்னதான் மிச்சம்? கை மிச்சம். காலியான இரண்டு கை. அதைப் பிடிப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் இருந்து அல்ல. சின்ன வயதில் மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஆசானிடம் கொஞ்ச காலம் அடிமுறை என்ற தற்காப்புக் கலை படித்தேன். மாதக்கணக்கில் சுவடு, அதாவது கால்வைப்புப் பயிற்சி, மட்டும்தான். குத்து எப்போது சொல்லித்தருவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே என் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல உள்பக்கம் மடக்கினார். முழங்கால் தானாகத் தரைக்குப் போய்விட்டது. வலிகூடப் பெரிதாக இல்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பாட்டுக்கு இன்னொரு கையால் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "இப்போ உன்னை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்றார். நான் பரிந்துரைக்கும் பில்டு (கதாபாத்திர அமைப்பு) முழுக்க அந்த ஒரு வரிதான்.

விளையாட்டின் 2014 விதிகளை வைத்தே சொல்கிறேன், களியக்காவிளையில் ஞாயிறு மதியம் கூடும் எங்கள் மேசையில் இன்னும் அதுதான் ஓடுகிறது. 2024-இல் வந்த விதிகள் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் பிடி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தப்பாக விளையாடுகிறார்கள். கிராப்பிள், அதாவது பிடி, என்பது உங்கள் டர்னில் (உங்கள் முறையில்) கிடைக்கும் அட்டாக்குகளில் ஒன்றுக்குப் பதிலாகச் செய்வது, அந்த டர்னுக்கான முழு ஆக்ஷனும் (செயலும்) போகாது. உங்கள் அத்லெடிக்ஸ் (பலம் சார்ந்த திறமை), எதிரியுடைய அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் (லாவகம் சார்ந்த திறமை), இரண்டையும் உருட்டிப் பார்க்க வேண்டும். ஜெயித்தால் அவன் வேகம் பூஜ்யம். உங்களைவிட ஒரு அளவு பெரியவன் வரைக்கும்தான் பிடிக்க முடியும், ஒரு கை காலியாக இருக்க வேண்டும். அடுத்த அட்டாக்கில் ஷவ் செய்து கீழே தள்ளுங்கள். இப்போது அவன் விழுந்து கிடக்கிறான், எழுந்திருக்க வேகம் வேண்டும், வேகமோ பூஜ்யம். கிடக்கிறவனைப் பக்கத்தில் நின்று அடிப்பவர்கள் எல்லோருக்கும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது), அவன் திருப்பி அடித்தால் டிஸ்அட்வான்டேஜ் (சிறிய எண்ணை எடுப்பது). விடுபட வேண்டுமென்றால் ஒரு முழு ஆக்ஷனைச் செலவழித்து மறுபடி உங்களோடு உருட்ட வேண்டும். ஒரு எதிரியின் டர்ன் முழுவதையும் தின்றுவிடுகிறீர்கள், இதற்கு எந்த டேமேஜும் ஈடாகாது.

ஆனால் ஒன்று: தூரத்தில் இருந்து அம்பு விடுகிறவனுக்குக் கிடக்கிறவன் மேல் டிஸ்அட்வான்டேஜ் வரும். உங்கள் குழுவில் வில்லாளி இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஆசையாகப் பிடித்துப் போடுகிற ஒவ்வொருவனும் அவனுக்கு எரிச்சல்தான். எங்கள் மேசையில் இதற்காகவே ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில், பெரிய ஆளைப் படுக்கப் போடுவது, சின்ன ஆட்களைப் பிடித்து மட்டும் நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டோம்.

சரி, இப்போது கட்டலாம். மனிதர், வேரியன்ட் வகை, எடுத்துக்கொள்ளுங்கள், முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) கிடைக்கும். பங்கிடக் கிடைக்கும் 27 புள்ளியில் ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 15, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 13, விஸ்டம் (விவேகம்) 12, மற்ற இரண்டும் 8. மனிதருக்கான கூட்டல் ஸ்ட்ரெங்துக்கும் கான்ஸ்டிடியூஷனுக்கும். ஃபீட் ஸ்கில் எக்ஸ்பர்ட்: ஸ்ட்ரெங்துக்கு இன்னொரு 1 வந்து 17 ஆகும், அத்லெடிக்ஸில் எக்ஸ்பர்டீஸ் (பயிற்சிக்கான கூட்டல் இரட்டிப்பாவது) வரும். ஹாஃப்லிங் மாதிரிச் சின்ன உருவம் வேண்டாம் மக்கா, மனிதன் அளவு ஆளுக்கு மேல் பிடிக்கவே முடியாது.

லெவல் 1 ஃபைட்டர். சண்டைப் பாணியாக அன்ஆர்ம்டு ஃபைட்டிங், 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் இருப்பது. கையில் ஆயுதமும் கேடயமும் இல்லையென்றால் குத்து டி8. அதோடு ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் பிடியில் இருக்கிற ஒருவனுக்கு டி4, உருட்டத் தேவையே இல்லாமல் தானாகப் போகும். பலரும் கவனிக்காமல் விடுகிற வரி இது. இரண்டாம் லெவலில் ஆக்ஷன் சர்ஜ் (ஒரே டர்னில் இன்னொரு ஆக்ஷன்). மூன்றாவதில் ரூன் நைட் என்ற ஃபைட்டர் உட்பிரிவுக்குப் போங்கள், இதுவும் அதே புத்தகம்தான். ஜயன்ட்ஸ் மைட் என்று ஒரு சக்தி, போனஸ் ஆக்ஷனில் (டர்னில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) ஒரு நிமிடத்துக்கு நீங்கள் லார்ஜ் அளவுக்கு வளர்ந்துவிடுவீர்கள், ஸ்ட்ரெங்த் செக்குகளுக்கு (அத்லெடிக்ஸ் உருட்டும் இதில் சேரும்) அட்வான்டேஜ், டர்னுக்கு ஒருமுறை கூடுதலாக டி6. லார்ஜ் ஆகிவிட்டால் அடுத்த அளவான ஹ்யூஜ் உருவங்களையும் பிடிக்கலாம், அதாவது ஹில் ஜயன்ட் என்ற ராட்சதனின் கையை முறுக்கலாம்! ரூன்களில் (மந்திர எழுத்துகள்) கிளவுடும் ஃப்ராஸ்டும் எடுங்கள். ஃப்ராஸ்ட் 10 நிமிடத்துக்கு ஸ்ட்ரெங்த் செக்கில் 2 கூட்டும்.

நான்காவதில் கிரஷர் ஃபீட், ஸ்ட்ரெங்த் 18 ஆகிவிடும். அடித்தால் ஐந்தடி தள்ளலாம் என்கிறது அது. நீங்கள் பிடித்து வைத்திருக்கிறவனைத் தள்ளிவிடாதீர்கள், எட்டாத தூரம் போனால் பிடி விட்டுப்போகும். ஐந்தாவதில் எக்ஸ்ட்ரா அட்டாக், ஒரே ஆக்ஷனில் இரண்டு அட்டாக்.

இது வரும்வரை வேறு கிளாஸ் (கதாபாத்திர வகை) பக்கம் திரும்பவே வேண்டாம். எங்களோடு விளையாடும் தம்பி ஒருவன் மங்க் (துறவிப் போராளி) 3, ஃபைட்டர் 2, பார்பேரியன் (ஆவேசப் போராளி) 2 என்று ஏழாம் லெவலுக்கு வந்து நின்றான். காகிதத்தில் ஏகப்பட்ட திறமைகள். மற்றவர்கள் எல்லாம் இரண்டு லெவலாக இரண்டு முறை அடித்துக்கொண்டிருக்க, அவன் ஒரு முறை. அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எக்ஸ்ட்ரா அட்டாக் இந்த பில்டின் உயிர், ஒரே டர்னில் பிடித்து, தள்ளி முடிக்க இரண்டு அட்டாக் வேண்டும்.

எண்ணில் காட்டுகிறேன். ஓகர் என்ற அரக்கன் ஒருவன் எதிரில், ஸ்ட்ரெங்த் 19, அத்லெடிக்ஸ் பயிற்சி இல்லை, அதனால் உருட்டுக்கு 4 கூட்டுவான். லெவல் 5-இல் சாதாரண ஃபைட்டர் 7 கூட்டுவான், பிடி விழ வாய்ப்பு சுமார் 62 சதவீதம். எக்ஸ்பர்டீஸ் இருந்தால் 10, வாய்ப்பு 74. அதோடு ஜயன்ட்ஸ் மைட் தரும் அட்வான்டேஜும் சேர்ந்தால் 87. சமமாக விழுந்தால் உங்களுக்குத் தோல்விதான், அதையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறேன்.

ஆறும் ஏழும் பார்பேரியன். மல்டிகிளாஸுக்கு (இன்னொரு கிளாஸ் சேர்ப்பதற்கு) ஸ்ட்ரெங்த் 13 போதும். ஏன் பார்பேரியன்? ரேஜும் (பார்பேரியனின் ஆவேசம்) ஸ்ட்ரெங்த் செக்குக்கு அட்வான்டேஜ்தான் தருகிறது, ஜயன்ட்ஸ் மைட்டில் அது ஏற்கெனவே இருக்கிறதே, வீண்தானே என்று கேட்பீர்கள். இரண்டு அட்வான்டேஜும் ஒன்றோடொன்று சேராது, உண்மை. ஆனால் இந்த லெவலில் ஜயன்ட்ஸ் மைட் ஒரு நாளைக்கு 3 முறை, ரேஜ் 2 முறை. மாற்றி மாற்றி எடுத்தால் நாளில் ஐந்து சண்டைக்கு உங்கள் பிடி வலுவாக இருக்கும். ரேஜில் உங்கள் மேல் விழும் குத்து, வெட்டு, அடி மூன்றுக்கும் பாதி டேமேஜ்தான், கேடயம் இல்லாத உங்களுக்கு இது பெரிய விஷயம். நீங்கள் விடும் ஒவ்வொரு குத்துக்கும் கூடுதலாக 2 வேறு. பெரிய சண்டையில் இரண்டையும் போடலாம், இரண்டுக்கும் போனஸ் ஆக்ஷன் வேண்டும் என்பதால் இரண்டு டர்ன் ஆகும். கனமான கவசத்தில் ரேஜ் பலன் தராது, அதனால் அதுவரை போட்டிருந்த செயின் மெயிலைக் கழற்றிவிட்டு நடுத்தரக் கவசமான ஹாஃப் பிளேட் போடுங்கள், ஏசி (கவச எண்) அதே 16-தான்.

எட்டாவதில் திரும்ப ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 20. அப்புறம் ஃபைட்டரிலேயே போகலாம்.

மங்க் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். உடம்பில் வர்மப் புள்ளி 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் மேல் ஆசை வருவது இயல்பு, தொட்டால் உறைந்து நிற்கிறான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மங்க் டெக்ஸ்டெரிட்டியிலும் விஸ்டத்திலும் நிற்பவன், இரண்டும் 13 இல்லாமல் மல்டிகிளாஸே முடியாது, கவசம் போட்டால் மார்ஷியல் ஆர்ட்ஸ் என்ற அவன் வெறுங்கைத் திறன் போய்விடும். பிடி ஸ்ட்ரெங்தில் நிற்கிறது. ஒரே உடம்பில் இரண்டையும் வைத்தால் இரண்டும் அரைகுறையாகும். மங்க்தான் வேண்டுமென்றால் முழு மனதோடு ஐந்து லெவல் மங்க் போய், ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் வாங்கி, பிறகு ஃபைட்டரில் ஒன்று எடுங்கள். மங்கின் பகடை அப்போது டி6, 11-ஆம் லெவலில்தான் டி8 ஆகும், அன்ஆர்ம்டு ஃபைட்டிங் அதை உடனே தந்துவிடும். அது வேறு பில்டு, நல்ல பில்டு.

ரோக் (திருடன் வகை கிளாஸ்) எடுக்க நினைப்பவர்களுக்கு: அவனுடைய ஸ்னீக் அட்டாக் வெறுங்கைக்கு வராது, ஃபினஸ் (லாவகமாக வீசும்) ஆயுதமோ தூரத்து ஆயுதமோ வேண்டும்.

2024 விதியில் விளையாடினால் இந்தக் கணக்கு பாதி மாறிவிடும். கிராப்பிளுக்கு எதிராளி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிப்பதற்கான உருட்டு) உருட்டுகிறான், அவன் எட்ட வேண்டிய உங்கள் எண் 8 கூட்டல் ஸ்ட்ரெங்த் கூட்டல் ப்ரொஃபிஷியன்ஸி (பயிற்சிக்கான கூட்டல்). அதனால் பிடி போடுவதற்கு அத்லெடிக்ஸ் எக்ஸ்பர்டீஸோ, செக்குக்கான அட்வான்டேஜோ உதவாது. அங்கே ஸ்கில் எக்ஸ்பர்டை விட்டுவிட்டு, நான்காம் லெவலில் கிராப்ளர் ஃபீட் எடுங்கள். குத்து பட்டதும் அதே அட்டாக்கில் பிடியும் போடலாம், டர்னுக்கு ஒருமுறை, பிடியில் இருப்பவனை அடிக்க அட்வான்டேஜும் உண்டு.

கடைசியாக, ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் முன்னாடியே பேச வேண்டியது. சாதாரண அடி உறைக்காத ஜந்துக்கள் வரும். கார்காயில் என்ற கல் பூதத்துக்குப் பாதிதான், 2014 விதியின் வேர்வுல்ஃபுக்கு (ஓநாய் மனிதன்) சுத்தமாகவே ஏறாது. எல்ட்ரிச் கிளா டாட்டூ என்று ஒரு பச்சை குத்து இருக்கிறது, அது இருந்தால் உங்கள் கை மந்திர ஆயுதம், உருட்டுக்கும் டேமேஜுக்கும் 1 கூடும். பாறசாலையில் இருந்து வருகிற எங்கள் டிஎம் ஏழாம் லெவல் வரை எனக்கு அதைத் தரவில்லை. அதற்கு முன்பே ஒரு ராத்திரி, மலைக் கணவாயில், வேர்வுல்ஃப் வந்துவிட்டது. என் குத்து எதுவும் ஏறவில்லை. கழுத்தைக் கட்டிப் பிடித்துக் கீழே போட்டு மேலே உட்கார்ந்தேன், மூன்று ரவுண்டு அது திமிறியது, மூன்று முறையும் நான்தான் உருட்டில் ஜெயித்தேன். எங்கள் குழுவின் பார்டு (பாடகன்), அதன் மேல் ஏறக்கூடிய வெள்ளிக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.