கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கி வெடித்தால்: நாம் செய்யக்கூடாதவை

தேசிய சேவை (சிங்கப்பூரின் கட்டாயப் படைச் சேவை) முடித்தவர்களுக்குத் தெரியும்: சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன் கையில் தோட்டாவும் இல்லை, சுட்ட தோட்டாவின் காலி உறையும் இல்லை என்று உரக்கச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் இப்படிப் பழகியவர்கள், உடன் வேலை செய்பவரின் கல்யாணத்துக்காக உத்தரப் பிரதேசத்துக்கோ பீகாருக்கோ போகும்போது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒருவர் வானத்தைப் பார்த்துச் சுட்டால் திகைத்துத்தான் போவார்கள்.

கோவில் திருவிழா அதிர்வேட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அது வேட்டுச் சத்தமாகவே படும். உடனே படம் பிடிக்கக் கைப்பேசியோடு பக்கத்தில் போகாதீர்கள். கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்குள் போய்விடுங்கள். பந்தல் துணியோ தகரக் கூரையோ தோட்டாவைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

"மேலேதானே சுடுகிறார்" என்ற நினைப்புதான் மிகவும் ஆபத்தானது. 1920-இல் அமெரிக்க ராணுவம் ஃபுளோரிடாவில் சோதித்தபோது, செங்குத்தாகச் சுட்ட தோட்டா நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் திரும்பி விழும் என்று கணக்கிட்டார்கள். தோலைத் துளைக்க 60 மீட்டர் வேகமே போதும். அதுவும் கல்யாணக் கூட்டத்தில் யார் செங்குத்தாகச் சுடுகிறார்கள்? சாய்வாகப் போகும் தோட்டா வேகத்தை அவ்வளவாக இழக்காமல், கொண்டாட்டமே தெரியாத யார் வீட்டு முற்றத்திலோ போய் இறங்கும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரே மருத்துவமனைக்கு 1985 முதல் 1992 வரை இப்படி விழுந்த தோட்டாக்களால் காயப்பட்டு வந்தவர்கள் 118 பேர். அவர்களில் 38 பேர் இறந்துபோனார்கள். ஊர்வலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடித்தவர் கையில் துப்பாக்கிக் குழல் தாழ்ந்தால் எதிரே நிற்பது உறவுக்காரர்கள்தான்.

மரபு என்பதால் விருந்தாளி வாயைத் திறக்கக்கூடாது என்றும் இல்லை. காவிரி பிறக்கும் குடகில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு என்றால் இரண்டு வெடி. மலைச்சரிவில் தள்ளித் தள்ளி இருந்த வீடுகளுக்கு அது சேதி. அதை நான் மதிக்கிறேன். நெரிசலான தெருவில் பெருமைக்குச் சுடுவதை அதோடு சேர்க்க மனம் வரவில்லை. இந்தியாவிலேயே 2019 ஆயுதச் சட்டத் திருத்தப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே ஊர்வலம் கிளம்புமுன்பே, யாரும் சுடவேண்டாம் என்று வீட்டுப் பெரியவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "நீங்களும் ஒரு தடவை சுடுங்க" என்று நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

தலையிலோ தோளிலோ ஏதோ பட்டு ரத்தம் வந்தால், கல் பட்டிருக்கும் என்று விட்டுவிடக்கூடாது. 112-ஐ அழையுங்கள், துப்பாக்கி சுட்டார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், நினைவுக்காகத் தோட்டாவையோ காலி உறையையோ பெட்டியில் போட்டுக்கொண்டு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வராதீர்கள். சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் இங்கே 5 முதல் 10 ஆண்டு சிறையும், குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம். குழந்தைகள் தரையில் பொறுக்கிப் பையில் போட்டிருக்கிறார்களா என்று பெட்டி கட்டும்போதே பாருங்கள்.