பலகைத் தரையில் ஷவர் ட்ரே: ட்ராப்பிலிருந்து தொடங்குங்கள்

லண்டனில் நம்மவர்கள் வாங்குகிற பழைய வரிசை வீடுகளில் மாடிக் குளியலறையின் தரை சிமெண்ட் அல்ல. ஜாய்ஸ்ட் எனப்படும் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் பலகை, அதற்குக் கீழே சமையலறையின் கூரை. ஊரில் குளியலறைத் தரையே மூலையை நோக்கிச் சரிந்திருக்கும். அந்த நினைப்பில் இங்கேயும் ட்ரேயை, அதாவது நின்று குளிக்கும் தட்டை, சற்றுச் சாய்த்து வைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சரிவு ட்ரேயின் முகத்திலேயே வார்க்கப்பட்டு வருகிறது. நான்கு விளிம்பும் ரசமட்டத்தில் நேராக நிற்க வேண்டும். சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி, சுவரோரத்துச் சிலிக்கோனை நாள் முழுவதும் நனைத்துக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கசிவுக்கு ட்ரே காரணமாவது அரிது. தரை அசைவதும், ட்ராப்பை, அதாவது ட்ரேயின் துளைக்கு அடியில் சிறிது நீரைத் தேக்கிச் சாக்கடை வாடையைத் தடுக்கும் பகுதியை, கடைசியில் யோசிப்பதும்தான் காரணம். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு பலகையைக் கழற்றி, ஜாய்ஸ்ட் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

கழிவுக் குழாய் ஜாய்ஸ்ட்டுகளுக்கு இணையாக, இரண்டு சட்டங்களுக்கு இடையில் ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது. குறுக்கே ஓட வேண்டியிருந்தால் கணக்குப் பாருங்கள். ஜாய்ஸ்ட்டில் போடும் துளை அதன் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. உயரத்தின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். நீளவாக்கில், தாங்கும் சுவரிலிருந்து நீளத்தின் 0.25க்கும் 0.4க்கும் இடைப்பட்ட பகுதியில் அமைய வேண்டும். 175 மி.மீ. உயரச் சட்டத்தில் கால் பங்கு 44 மி.மீ.கூட இல்லை. 40 மி.மீ. என்று விற்கும், பசையால் ஒட்டும் குழாயின் வெளிவிட்டமே 43. இதோடு மீட்டருக்குக் குறைந்தது 18 மி.மீ. சரிவு தேவை, சட்டங்கள் 400 மி.மீ. இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் துளை 7 மி.மீ. கீழே இறங்கும். இரண்டாவது சட்டத்திலேயே நடுக்கோட்டை விட்டு விலகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ட்ரேயைக் கால்கள் வைத்து உயர்த்தி, குழாயைப் பலகைக்கு மேலே ஓட்டுவதே மேல். ஒரு படி ஏறிக் குளிப்பதால் யாருக்கும் குறை வந்துவிடாது. வாள் எடுத்துச் சட்டத்தின் மேல்முகத்தை வெட்டிக் குழாயைப் பதிக்கிறவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி சொல்வது: ஷவருக்கு 40 மி.மீ. குழாய், நீளம் 3 மீட்டருக்குள், சரிவு மீட்டருக்கு 18 முதல் 90 மி.மீ., ட்ராப்பில் 50 மி.மீ. நீர்த் தடுப்பு, அதாவது வாடையை மறிக்க நிற்கும் நீரின் ஆழம். நீளமும் சரிவும் மிஞ்சினால் ஓடுகிற தண்ணீர் ட்ராப்பில் நிற்கும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். 'களக்' என்று ஒரு சத்தம், பிறகு சாக்கடை வாடை. ஆழம் குறைந்த ட்ராப்பும் கடையில் கிடைக்கும். இடம் போதவில்லை என்று அதை வாங்கி மலக்குழாயோடு இணைக்காதீர்கள்.

இப்போது தரை. பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு, ஈரம் தாங்கும் வெளிப்புறத் தரப் பிளைவுட், 18 மி.மீ.க்குக் குறையாமல், போடுங்கள். நான் 25 போடுவேன். மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு வேண்டாம், நனைந்தால் ஊறிய ரொட்டிதான். தாள்களின் விளிம்பு எங்கெல்லாம் அந்தரத்தில் நிற்கிறதோ அங்கெல்லாம் அடியில் குறுக்குக் கட்டை கொடுங்கள். ஆணி கூடாது, திருகாணி; அடியில் ஓடும் செப்புக் குழாயையும் மின்கம்பியையும் முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். கிறீச்சிட்டால் இன்னும் கட்டை வேண்டும்.

ட்ரேயை வெறுமனே வைத்து, கழிவுத் துளையை அடியில் குறித்து, ட்ராப் தாராளமாக இறங்கும் அளவுக்குப் பிளைவுட்டை ஜிக்சாவால் வெட்டி, அந்த ஓட்டையைச் சுற்றியும் கட்டை அடியுங்கள். ட்ரேக்கு வெளியே ஒரு பலகையைத் திருகாணியில் மட்டும் நிறுத்தி வையுங்கள். பின்னாளில் ட்ராப்பின் நட்டை எட்டுவதற்கு அதுவே வழி. குழாயில் ஒரு எச்சரிக்கை: ஒட்டிப் பொருத்துவதும் அழுத்திப் பொருத்துவதும் வேறு வேறு பிளாஸ்டிக், வேறு வேறு விட்டம். ஒன்றில் இன்னொன்றைப் பசை போட்டு ஒட்ட முடியாது. ட்ராப்பின் நட்டு வைத்த வாய் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும்.

கல்-ரெசின் ட்ரே 1200க்கு 800 மி.மீ. என்றால் சுமார் 40 கிலோ, இருவர் வேண்டும். ட்ரே உட்காரும் கலவைப் படுக்கைக்கு மணல் ஐந்து பங்கு, சிமெண்ட் ஒரு பங்கு, 10 மி.மீ. கனத்தில், ட்ரேயின் அடி முழுவதும், துளையைச் சுற்றி மட்டும் இடம் விட்டு. நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து மேலே இறக்குகிறவர்கள் உண்டு. நடுவில் வெற்றிடம் இருந்தால் ஒருநாள் அங்கேதான் விரியும். சில நிறுவனங்கள் மரத்தரைக்கு நெகிழ்வான டைல் பசையையே கேட்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள், அது சொல்வதே முடிவு. பிளைவுட் கலவையின் ஈரத்தை உறிஞ்சாதபடி முதலில் பிரைமர் பூசுங்கள்.

இறக்கியதும் இரண்டு திசையிலும் குறுக்காகவும் ரசமட்டம் பாருங்கள். ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி இறக்கலாம், ஏற்ற முடியாது. பிறகு ட்ராப்பின் ரப்பர் வாஷர் ட்ரேயின் அடிமுகத்தில் நேராக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, மேல் வளையத்தைத் திருகுங்கள். உடன் வந்த சாவியால், கை பலத்தில் மட்டும். மிகை பலம் வாஷரைப் பிதுக்கிவிடும். 24 மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது.

டைல் ஒட்டும் முன் சோதனை. கீழே ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டாய்லெட் பேப்பரால் ஒரு சுற்று சுற்றுங்கள். துளையை அடைத்து ட்ரேயை நிரப்பி, அடைப்பைச் சட்டென்று எடுங்கள். குழாய் முழுதாக நிறைந்து ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு துளி கசிந்தாலும் பேப்பரில் கரும்பொட்டு தெரியும், டார்ச் போதும்.

சுவருக்கும் ட்ரேக்கும் இடையில் சில மி.மீ. இடைவெளி விட்டு அதைச் சிலிக்கோனால் நிரப்புங்கள். டைல் அதன்மேல் இறங்கி வந்து ட்ரேயின் விளிம்பில் நிற்கட்டும். டைலின் அடியில் மறுபடி ஒரு சிலிக்கோன் கோடு. அந்த மூலையில் டைல் இடுக்குக்குப் போடும் கிரவுட்டைப் போட்டால் தரையின் அசைவில் வெடிக்கும்.

ட்ராப்பின் உள்குவளை மேலிருந்தே கையால் கழன்று வரும். முடியை எடுத்துக் கழுவிவிட்டு அதைத் திரும்ப வையுங்கள். அடைக்கிறது என்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, வாடை வருகிறது என்று எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். அந்தக் குவளைதான் நீர்த் தடுப்பே.