சாதி, குற்றம், பொறுப்பு: விவாதம் நடத்துவது எப்படி?

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ, நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் குற்றங்களைப் பற்றி விவாதம் நடத்துவோர் முதலில் தலைப்பைத் திருத்த வேண்டும்; ‘குற்றத்துக்குக் காரணம் சாதியா, வறுமையா?’ என்று வைத்தால் கைதட்டல்தான் மிஞ்சும், ‘ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டில் நடவு வேலையை இழக்கும் இளைஞனுக்கு யார் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால் பேச்சு நடைமுறைக்கு இறங்கி வரும்.

‘சிறையில் இருப்போரில் இந்தச் சாதியினரே அதிகம்’ என்று சிறைக் கணக்கை நீட்டுபவரிடம், 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகளே என்பதைச் சொல்லுங்கள். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களில் பிறப்பதையே குற்றமாக்கியது. 1968இல் கீழவெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கிலோ, குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். இவ்வளவும் சொன்ன பிறகு, திருடியவனின் பொறுப்பையும் மழுப்பாதீர்கள். பறிகொடுப்பவர் பெரும்பாலும் அதே தெருக்காரர்தான். அந்தத் தெருக்காரர் ஒருவரையே முதலில் பேச வையுங்கள். கூட்டமும் கூலி வேலை முடிந்த பின்னரே தொடங்கட்டும்.