பிள்ளை வாய் திறந்தால் என்ன செய்ய வேண்டும்?

தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் 21 வருஷமாக அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் நிறையப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில், பெரியப்பா வீட்டில் வளரும். அடியோ, சூடோ, பாலியல் தொல்லையோ ஒரு பிள்ளைக்கு நடந்தால் எப்படிக் கண்டுகொள்வது, என்ன செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் கவனியுங்கள். ஓடி விழுந்த பிள்ளைக்கு முட்டியில், நெற்றியில் அடிபட்டிருக்கும். முதுகில், தொடையில், காதுக்குப் பின்னால் கன்றியிருந்தால் யோசிக்க வேண்டும். எடை போடச் சட்டையைக் கழற்றியபோதுதான் ஒரு பையன் தோளில் கரண்டிக் காம்பு அகலத்துக்குச் சூட்டுத் தழும்பைப் பார்த்தேன். குறிப்பிட்ட ஒருவர் கூட்டிப்போக வந்தால் மட்டும் ஆயா சேலையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையையும் கவனியுங்கள்.

பிள்ளை வாய் திறந்தால், ஒரு தடவை கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமி என்னிடம் ஏதோ சொன்னாள். நான் கேட்டேன், ஆயாவை அழைத்து மறுபடி கேட்டேன், அவள் அத்தை வந்து கேட்டாள். நாலாவது தடவை "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால் தரையில் பக்கத்தில் உட்காருங்கள். "சொன்னது நல்லதுப்பா, உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். "இங்க தொட்டாரா?" என்று சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், "அப்புறம்?" போதும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையையே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். அன்றே நடந்தது என்றால் குளிப்பாட்ட வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம்.

உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பிள்ளை இப்போது எங்கே, அந்த ஆள் அதே வீட்டிலா என்பதை முதலில் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. சாட்சி தேட வேண்டாம், சந்தேகமே போதும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.

"பொம்பளப் புள்ள விஷயம், பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் வருவார்கள். உட்காரவே உட்காராதீர்கள். இது ஊர் பேசித் தீர்க்கிற வழக்கில்லை.

போலீஸ் பிள்ளையிடம் சீருடையில் பேசக்கூடாது. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் எஸ்.ஐ.தான் கேட்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். ஒருமுறை காக்கியில் வந்தவரிடம் இதைத் தயங்கித்தான் சொன்னேன். போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

கவனிப்பில்லாத பிள்ளை வேறு. சத்துணவு முட்டையைச் சட்டைப் பையில் ஒளிக்கும் ஒருவனுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா இல்லை, அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை, பாட்டிக்குக் கண் தெரியாது. முட்டை பாட்டிக்கு. அங்கே யாரையும் தண்டிக்க ஒன்றுமில்லை, பிள்ளையை விடுதிக்கு அனுப்பவும் தேவையில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தின் உதவிக்கு எழுதிப் போட்டோம். மாதம் 4,000 ரூபாய். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் நானே கொண்டு போனேன். பாட்டியால் பஸ் ஏற முடியாது.