களிம்பின் பிசுபிசுப்பு போனது எப்படி

அம்மாவின் குதிகால் வெடிப்புக்காக ஷியா வெண்ணெயும் (ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) தேங்காய் எண்ணெயும் கலந்து களிம்பு செய்து கொடுத்தேன். வெடிப்பு ஆறியது. ஆனால் மொசைக் தரையில் கால் வழுக்க ஆரம்பித்தது. அறுபத்தெட்டு வயதில் விழுந்தால் என்ன ஆகும்? பயந்துவிட்டேன்.

எண்ணெய்ப் பிசுபிசுப்பைக் குறைக்க முதலில் 100 கிராம் களிம்புக்கு 10 கிராம் சோள மாவு சேர்த்துப் பார்த்தேன். வியர்வை பட்டதும் மாவு ஈரத்தைக் குடித்து, விரல் இடுக்குகளில் பசையாகத் திரண்டது.

பிறகு அலுமினியம் ஸ்டார்ச் ஆக்டெனைல்சக்சினேட் வாங்கினேன். பெயர்தான் நீளம், அதுவும் மாவுச்சத்துதான். எண்ணெயோடு ஒட்டும் ஒரு வாலை அதன் மூலக்கூறில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு தம்ளர் தண்ணீரில் சோதித்தேன். சோள மாவு பாலாகக் கலங்கி அடியில் படிந்தது. இதுவோ நனையாமல் மேலேயே மிதந்தது. எனக்கு அந்த நிமிடமே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்படியும் முதல் தடவை தவறினேன். உருகிய சூடான எண்ணெயில் கொட்டியதால் கட்டி தட்டி அடியில் தங்கிவிட்டது. அடுத்த முறை 8 கிராம் தூளை ஒரு கரண்டி எண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்து, களிம்பு ஆறிக் கெட்டிப்படும் நேரத்தில் சேர்த்து அடித்தேன். தூள் மிக நுண்மையானது; மூக்கை மூடிக்கொண்டே அளக்க வேண்டும்.

இப்போது பூசிய சில நிமிடங்களில் தோல் பட்டுப்போல் உலர்கிறது. அம்மா இரவில் செருப்பில்லாமல் தைரியமாக நடக்கிறார்.