பந்தயத் தடத்தில் முதல் வார இறுதி: புதிய மோட்டார் சைக்கிள் வீரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் புதிதாக வருபவருக்கு முதல் வார இறுதியில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நாளொன்றுக்கு ஐந்தாறு செஷன் (தடத்தில் ஓட்ட ஒதுக்கப்படும் ஒரு சுற்று நேரம்), ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம் என்று கணக்கிட்டால், இரண்டு நாளும் சேர்த்துப் பைக்கின் மேல் இருக்கும் நேரம் நான்கு மணியைத் தாண்டாது. அந்த நான்கு மணிக்குள் பிரேக், வளைவு, உடல் நிலை, முந்துதல், லேப் டைம் (தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரம்) ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் கற்றுவிட முயல்வதுதான் மற்ற பெரும்பாலான தவறுகளுக்கு வேர் என்பது என் உறுதியான கருத்து. துணிச்சல் குறைந்ததால் விழுந்தவர்களைவிட, கவனத்தைப் பல திசையில் சிதறவிட்டு விழுந்தவர்களே அதிகம். எனவே ஒரு செஷனுக்கு ஒரு வேலை என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு தடத்தில் இறங்குவதே இந்தக் குறுகிய நேரத்துக்கு ஏற்ற வழி.

வண்டியைத் தயார் செய்வதில்

தவறுகள் தடத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. சைலன்சரையும் எஞ்சின் அமைப்பையும் மாற்றப் பணம் செலவழித்தவர், பழைய பிரேக் ஆயிலோடு வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். சாலையில் இந்தக் குறை தெரியாமலே போகலாம். தடத்திலோ ஒவ்வொரு லேப்பிலும் கடுமையாக பிரேக் பிடிப்பதால் ஆயில் சூடாகி, ஆவிக் குமிழ்கள் உருவாகி, லீவர் ஹேண்டில்பார் வரை தளர்ந்து வந்துவிடும். நீண்ட நேர்பாதையின் முடிவில் இது நேர்ந்தால் செய்வதற்கு அதிகம் இருக்காது. முதலில் புதிய பிரேக் ஆயில், போதிய கனமுள்ள பிரேக் பேட், நல்ல டயர், சரியான செயின் தளர்வு, இறுக்கிச் சரிபார்த்த போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குதிரைத்திறனைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தடத்தில் சிந்தினால் பரப்பு வழுக்கும் என்பதாலும் அதைச் சுத்தம் செய்வது கடினம் என்பதாலும், பல இடங்களில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் அல்லது அனுமதிக்கப்பட்ட திரவம் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதிப்பார்கள். இத்தகைய விதிகளை முன்னதாகப் படிக்காமல் வந்து, பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டு, முதல் செஷனை இழப்பவர்கள் உண்டு. முந்தைய இரவில் புதிய பாகங்களைப் பொருத்திக்கொண்டு வருவதும் நல்லதல்ல. புதிய பேடுகள் டிஸ்க்கோடு படிவதற்குச் சில நிதானமான லேப்புகள் வேண்டும். புதிய டயரின் மேற்பரப்புக்கும் அப்படியே.

உடைகளில் சிக்கனம் கூடாது. ஒரே துண்டாக அமைந்த லெதர் சூட், மணிக்கட்டை முழுதாக மூடும் கையுறை, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ், முதுகுக் காப்பு, தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும் ஹெல்மெட் ஆகியவை அடிப்படை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சமான மோட்டோஜிபி பந்தயங்களில் 2018 முதல் ஏர்பேக் சூட் கட்டாயமாக்கப்பட்டது; இன்று அந்தத் தொழில்நுட்பம் சாதாரண ஓட்டுநரின் கைக்கும் எட்டியிருப்பதால், இயன்றவர் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். புதிய சூட்டை முதல் முறையாகத் தடத்தில் அணிவதும் ஒரு தவறுதான். விறைப்பான தோல் முழங்கையையும் முழங்காலையும் மடக்கவிடாது என்பதால், சில நாள்கள் முன்பே அணிந்து பழக வேண்டும்.

கொடிகளும் மற்றவர்களும்

காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தைச் சடங்காக எண்ணிப் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவரே, பிறகு மஞ்சள் கொடியின் கீழ் இன்னொருவரை முந்துகிறார். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தப்பட்டது; திடீரென பிரேக் போடாமல், பின்னால் வருபவருக்குக் கை உயர்த்திக் காட்டி, தட ஓரத்தில் வண்டிகள் நிறுத்தப்படும் இடமான பிட்டுக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக உள்ள கொடி பரப்பு வழுக்குவதைக் குறிக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உள்ள கொடி உங்கள் எண்ணோடு காட்டப்பட்டால், உங்கள் வண்டியில் கோளாறு இருக்கிறது என்று பொருள். ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கவும் கூடும் என்பதால் உடனே பந்தயக் கோட்டை, அதாவது வண்டிகள் வழக்கமாக ஓடும் பாதையை, விட்டு விலகித் தடத்திலிருந்து வெளியேற வேண்டும். ஒவ்வொரு கொடிமேடையும் எந்த வளைவுக்கு அருகில் உள்ளது என்பதை முதல் செஷனிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அந்தச் செஷனுக்கு அந்த ஒரு வேலையே போதும்.

பின்னால் வேகமானவர் வருகிறார் என்று உணர்ந்து வழிவிடுவதற்காகத் திடீரென ஒதுங்குவது, நல்லெண்ணத்தால் செய்யப்படும் மிக ஆபத்தான தவறு. முந்தும் பொறுப்பு முந்துபவருடையது. முன்னே செல்பவர் வழக்கமான கோட்டிலேயே தொடர்வார் என்று நம்பித்தான் அவர் தம் வழியைத் தீர்மானிக்கிறார். நீங்கள் விலகும் பக்கமே அவர் தேர்ந்தெடுத்த பக்கமாக இருந்தால் மோதல் தவிர்க்க முடியாததாகிவிடும். திரும்பிப் பார்க்காமல், கோட்டை மாற்றாமல், ஒரே சீராக ஓட்டுவதே பின்னால் வருபவருக்குச் செய்யும் உதவி. பிட்டுக்குள் நுழையும்முன் கையையோ காலையோ நீட்டிக் காட்டுவதும், பிட்டிலிருந்து வெளிவரும்போது வெள்ளைக் கோட்டைக் குறுக்கே கடந்து பந்தயக் கோட்டுக்குள் பாயாமல் இருப்பதும் இதே ஒழுங்கின் பகுதி.

டயரின் சூடு

ஒரு செஷனின் முதல் இரண்டு லேப்புகளில் விழுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. சூடேறாத ரப்பருக்குப் பிடிப்புக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டயரின் இரு பக்கமும் ஒரே வேகத்தில் சூடேறாது என்பது பலரும் மறக்கும் உண்மை. ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில் உள்ள 13 வளைவுகளில் 10 இடப்புறமும் 3 வலப்புறமும் திரும்புகின்றன. தொடர்ந்து இடப்புறமே சாய்ந்து வரும்போது டயரின் வலப்பக்கம் ஆறிவிடுவதால், அந்த இடத்தொடரை முடித்துவைக்கும் வலப்புற வளைவான 11ஆம் வளைவில் உலகத்தரம் வாய்ந்த வீரர்களே பலமுறை விழுந்திருக்கிறார்கள். நீங்கள் ஓட்டும் தடத்திலும் நீண்ட நேரம் தொடாத பக்கம் எந்த வளைவில் முதலில் தரையைத் தொடுகிறது என்று கண்டறிந்து, அங்கே கூடுதல் நிதானம் காட்ட வேண்டும்.

காற்றழுத்தத்தைக் காலையில் ஒருமுறை வைத்துவிட்டு நாள் முழுதும் தொடாமல் விடுவதும் சரியல்ல. ஏறக்குறைய 30 பிஎஸ்ஐ உள்ள டயரில் உட்காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். ஆகவே டயர் தயாரிப்பாளர் சொல்லும் அளவு ஆறிய நிலைக்கு உரியதா, சூடான நிலைக்கு உரியதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு, செஷன் முடிந்து உள்ளே வந்தவுடன் அளந்து சரிசெய்ய வேண்டும்.

கண், பிரேக், வளைவு

கற்றலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. வேகம் கூடும்போது நிறுத்தத் தேவையான தூரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டும். இந்தக் கணக்கை உடல் இயல்பாக உணர்வதில்லை என்பதால்தான், சாலைப் பழக்கத்தோடு வருபவர் முதலில் மிகவும் முன்னதாக பிரேக் பிடிக்கிறார். பிறகு துணிந்து திடீரென மிகவும் தாமதமாகப் பிடிக்கிறார். ஒரு பலகையையோ தார்ப்பரப்பின் ஒட்டுக்கோட்டையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லேப்பிலும் அதே இடத்தில் பிடித்து, வளைவுக்குள் நுழையும்போது தேவைக்கு மேல் வேகம் மிச்சமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பின்னரே அடையாளத்தை வளைவை நோக்கிச் சில மீட்டர் தள்ள வேண்டும்.

லீவரை வெடுக்கென்று இழுப்பது வேறொரு பிழை. பிரேக் பிடித்த பிறகுதான் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. அந்த எடை வந்து சேர்வதற்குள் முழு பலத்தோடு இழுத்தால், தாங்க எதுவும் இல்லாத முன்டயர் பூட்டிக்கொள்ளும். பழுத்த எலுமிச்சையைப் பிழிவதுபோல் முதலில் மெதுவாகவும் பிறகு உறுதியாகவும் அழுத்த வேண்டும். விடும்போதும் அதே நிதானம் தேவை. சட்டென்று விட்டால் முன்ஃபோர்க் துள்ளி எழும்பி, திரும்பும் நேரத்தில் வண்டி அகன்று ஓடும்.

புதியவர் வளைவுக்குள் செய்யும் பிழைகளுக்குத் தாய், அளவுக்கு மீறி முன்கூட்டியே திரும்புவது. உள்விளிம்பு பாதுகாப்பாகத் தோன்றுவதால் மனம் அங்கே ஓடுகிறது. ஆனால் முன்கூட்டியே உள்விளிம்பைத் தொட்டவருக்கு வெளியேறும் இடத்தில் தடம் போதாமல் போகிறது. தடம் தீர்கிறது என்ற பயத்தில் த்ராட்டிலைப் பட்டென்று மூடுகிறார், அல்லது வெளிவிளிம்பையே வெறித்துப் பார்க்கிறார். கண் போன இடத்துக்கே வண்டியும் போகிறது. இதைத் திருத்தக் கையில் அல்ல, கண்ணில் வேலை செய்ய வேண்டும். பிரேக் அடையாளத்தைக் கண்டவுடன் பார்வை திரும்பும் புள்ளிக்கும், அங்கே சேருமுன் அபெக்ஸுக்கும் (வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளி), அபெக்ஸைத் தொடுமுன் வெளியேறும் இடத்துக்கும் போயிருக்க வேண்டும். ஒரு முழுச் செஷனை, நீங்கள் தாங்கக்கூடிய வேகத்தில் பத்தில் ஏழு பங்கில் ஓட்டி, பார்வைக்கு மட்டுமே ஒதுக்குவது வீணல்ல. என் பார்வையில் அந்த வார இறுதியின் மிகப் பயனுள்ள 20 நிமிடம் அதுதான்.

சாய்ந்திருக்கும்போது மேலும் சாய்த்துக்கொண்டே த்ராட்டிலைத் திறப்பது பின்டயரிடம் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் கேட்பதாகும். பிடிப்பு தீர்ந்து பின்சக்கரம் வழுக்கினால், பதற்றத்தில் த்ராட்டிலை முழுதாக மூடுபவர் இன்னும் பெரிய ஆபத்தை வரவழைக்கிறார்: வழுக்கிய டயர் திடீரென மீண்டும் பிடிக்க, வண்டி எழும்பி ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும். ஹைசைட் என்று அழைக்கப்படும் இந்த வீழ்ச்சி, வண்டி பக்கவாட்டில் சரிந்து விழும் லோசைடைவிடப் பெரும்பாலும் கடுமையானது. வண்டியை நிமிர்த்த நிமிர்த்தவே த்ராட்டிலைத் திறக்க வேண்டும்.

முழங்கால் தரையைத் தொடுவதை இலக்காக வைப்பவர்களையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1970களில் அமெரிக்கப் பந்தய வீரர் கென்னி ராபர்ட்ஸ் போன்றோரால் பரவலான அந்தப் பாணியில், முழங்கால் சாய்வை அளக்கும் கருவி மட்டுமே. மேலுடல் டேங்கின் நடுவிலேயே நிற்க, இடுப்பையும் முழங்காலையும் மட்டும் வெளியே தொங்கவிட்டால் எந்தப் பயனும் இல்லை. எடை ஹேண்டில்பாரில் தொங்கி, முன்சக்கரத்தின் இயல்பான அசைவையே தடுக்கும். வெளிப்பக்கத் தொடையை டேங்கில் அழுத்தி உடலைத் தாங்கிக்கொண்டு, கைகளைத் தளர்வாக வைக்க வேண்டும். மூன்றாவது செஷனிலேயே முன்கை கல்லாக இறுகினால், பிடி தவறாக இருக்கிறது என்று அறியலாம்.

பந்தயத்தின் முதல் வளைவு

இரண்டாம் நாள் புதியவர்களுக்கான பந்தயம் இருந்தால், பயிற்சியில் பழகிய பிரேக் அடையாளத்தை அப்படியே நம்புவது தவறு. முன்னே வண்டிகள் காற்றைக் கிழித்துச் செல்லும்போது, பின்னால் வருபவருக்குக் காற்றின் எதிர்ப்புக் குறைந்து வேகம் கூடுகிறது. அதோடு, பிரேக் பிடிக்கும் கணத்தில் நெஞ்சில் மோதி வேகத்தைக் குறைக்க உதவும் காற்றும் குறைகிறது. கூட்டத்துக்குள் இருக்கும்போது வழக்கத்தைவிட முன்னதாகவே பிடிக்க வேண்டும். முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தையே பார்த்து ஓட்டினால், அவர் தவறும் இடத்தில் நீங்களும் தவறுவீர்கள்.

வளைவில் வேகம் அதிகமாகிவிட்டது என்று தோன்றினால், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் சாய்க்க வண்டிக்கு இடமிருக்கும். உள்ளே பார்த்துத் தொடர்ந்து திருப்புங்கள். உண்மையிலேயே முடியாது என்றால், தார்ப்பரப்பு இருக்கும்போதே நிமிர்த்தி, நேராக பிரேக் பிடித்து, சரளைக்குள் போகுமுன் முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். விழுந்துவிட்டால் வண்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். சறுக்கல் முழுதாக நின்றது என்று உறுதியாகும் வரை எழ முயலாதீர்கள். நின்றுவிட்டதாக உடல் நினைக்கும்போதும் பல நேரம் அது நகர்ந்துகொண்டிருக்கும். பிறகு வரும் வண்டிகளைப் பார்த்து, மார்ஷல் (தடத்தோரப் பாதுகாப்புப் பணியாளர்) காட்டும் தடுப்புக்குப் பின்னால் செல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், எவ்வளவு நலமாகத் தோன்றினாலும் அன்று மீண்டும் ஏறக் கூடாது. அந்த ஹெல்மெட்டும் மீண்டும் பயன்படக் கூடாது.

மாலையில்

கடைசிச் செஷன் களைப்பும் தன்னம்பிக்கையும் ஒன்றாகச் சேரும் நேரம். நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல், ஓய்வு நேரத்தில் வெயிலில் நின்று பேசிவிட்டு, அன்றைய சிறந்த லேப் டைமைக் கடைசியாக எடுத்துவிடலாம் என்று இறங்குபவரின் எதிர்வினை ஏற்கெனவே மந்தமாகியிருக்கும். இரண்டு வளைவுகளில் தொடர்ந்து அடையாளத்தைத் தவறவிட்டால், கொடி காட்டப்படும் வரை காத்திராமல் உள்ளே வந்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு வளைவிலும் எந்த கியர், எங்கே பிரேக், டயர் அழுத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் பயம் வந்தது என்பனவற்றைப் பொருள்களைக் கட்டி எடுக்குமுன் எழுதிவைக்க வேண்டும். மறுநாள் அவற்றில் பாதி நினைவில் இருக்காது. பைக்கை ஓட்டிக்கொண்டே திரும்புபவர், தடத்துக்காகக் குறைத்த டயர் அழுத்தத்தைச் சாலைக்குரிய அளவுக்கு உயர்த்தி, கழற்றிய மிரர்களைப் பொருத்தி, விளக்குகளின் மேல் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.